10,000 இலக்கும் விரைவு மின்னூட்டிகளும்: முன்னுரிமை நெடுஞ்சாலைக்கா, அடுக்குமாடிக்கா?

செந்தூல்வாசி, கோலாலம்பூர்

குறைந்த கரிமப் போக்குவரத்துக்கான நம் மலேசியாவின் 2021–2030 செயல்திட்டம், 2025 முடிவதற்குள் 10,000 பொது மின்னூட்டிகள் அமைக்கப்பட வேண்டும் என்று இலக்கு வைத்தது. அவற்றில் 9,000 மெதுவான ஏசி வகை, 1,000 மட்டுமே விரைவான டிசி வகை. ஆண்டு முடிந்தது, இலக்கு எட்டப்படவில்லை. இது எல்லாரும் அறிந்த செய்திதான். ஆனால் அந்தப் பற்றாக்குறைக்குள் இருக்கும் ஒரு விவரத்தைப் பற்றி அதிகம் பேசக் காணோம். 2025 மார்ச் இறுதியில் மொத்த எண்ணிக்கை 4,000ஐச் சற்றே தாண்டியிருந்தபோதே விரைவு வகை 1,000ஐக் கடந்துவிட்டது, அதற்கான இலக்கை அரசு 1,500 ஆகவும் உயர்த்தியிருந்தது. பின்தங்கிப் போனது மெதுவான வகை மட்டுமே.

இதை நான் தற்செயல் என்று கருதவில்லை. பேரங்காடி வாசலிலும் எண்ணெய் நிலையத்திலும் நிற்கும் 180 கிலோவாட் மின்னூட்டி விளம்பரப் பலகையாகவும் பயன்படுகிறது. அமைச்சர் வந்து திறந்துவைக்கலாம், படமும் எடுத்துக்கொள்ளலாம். அடுக்குமாடியின் அடித்தள நிறுத்துமிடத்தில் சுவரோரம் தொங்கும் 7 கிலோவாட் பெட்டியைத் திறந்துவைக்க யாரும் வரமாட்டார்கள். ஆனால் கார் வாழ்நாளில் பெரும்பகுதி நேரம் நிற்பது அங்கேதான்.

என் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இனி வரும் ஆண்டுகளில் அரசும் ஊராட்சி மன்றங்களும் தரும் வரிச்சலுகை, நிலம், அனுமதி விரைவு ஆகிய அனைத்தும் குடியிருப்புகளில் அமையும் மெதுவான மின்னூட்டிகளுக்கே முதலில் போகவேண்டும். நெடுஞ்சாலையில் இலாபம் இருந்தால் நிறுவனங்கள் தாமாகவே வரும். உறுப்பினர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஜூரு வழிப்போக்கர், பினாங்கு

செந்தூல் நண்பர் சொல்லும் எண்கள் சரி. அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மின்சாரக் கார் வாங்கலாமா என்று யோசிக்கும் நம்மவர் எவரும், "இரவில் எங்கே மின்னேற்றுவது?" என்று முதலில் கேட்பதில்லை. "தீபாவளிக்கு ஊருக்குப் போகமுடியுமா?" என்பதே முதல் கேள்வி. கோலாலம்பூரிலிருந்து பினாங்கு சுமார் 350 கிலோமீட்டர். ஆண்டில் சில முறை மட்டுமே போகும் பயணம் என்றாலும், கார் வாங்கும் முடிவை அந்தப் பயணமே தீர்மானிக்கிறது.

ஷெல்லும் போர்ஷேயும் சேர்ந்து தங்காக், தாப்பா போன்ற இடங்களில் 180 கிலோவாட் மின்னூட்டிகளை வைத்த காலத்தில், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நம்பி நிறுத்தக்கூடிய இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. ஆனாலும் நெடுஞ்சாலை ஓய்வுத்தளத்திற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு: வடக்கு நோக்கிச் செல்லும் பாதையில் இருக்கும் மின்னூட்டி தெற்கு நோக்கி வருபவனுக்குப் பயன்படாது. தொலைபேசி வரைபடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் அந்தப் பச்சைப் புள்ளி சாலைத் தடுப்புக்கு அப்பால் இருக்கும். அதை அடைய வேண்டுமானால் அடுத்த சுங்கச்சாவடியில் இறங்கித் திரும்பி வரவேண்டும். ஆகவே ஓய்வுத்தளங்களில் உள்ள மின்னூட்டிகளை எண்ணும்போது பயணியின் கணக்கில் பாதியைத்தான் எண்ணவேண்டும்.

இப்போது மலிவான கார்களும் வந்துவிட்டன. புரோட்டோன் இ.மாஸ் 5இன் அடிப்படை வகை 60,000 ரிங்கிட்டுக்கும் குறைவு, ஆனால் அதன் மின்கலம் சுமார் 30 யூனிட் (கிலோவாட்-மணி) மட்டுமே. அந்தக் காரில் பினாங்கு வரவேண்டுமென்றால் வழியில் இரண்டு முறையாவது நிறுத்தவேண்டும். நீண்ட தூரம் ஓடும் விலையுயர்ந்த கார் வைத்திருப்பவரை விட, இந்தச் சிறு கார் வாங்குபவருக்குத்தான் நெடுஞ்சாலை மின்னூட்டி அதிகம் தேவைப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் தன் முதன்மை நெடுஞ்சாலைகளில் 60 கிலோமீட்டருக்கு ஒரு விரைவு நிலையம், ஒவ்வொன்றிலும் மொத்தம் 400 கிலோவாட்டுக்குக் குறையாத திறன் என்று 2025 இறுதிக்குள் சட்டப்படி கட்டாயமாக்கியது. சந்தையே பார்த்துக்கொள்ளும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

பாயான் பொறியாளர், பினாங்கு

கட்டடங்களுக்கு மின்விநியோகம் வடிவமைப்பதே என் தொழில் என்பதால், விவாதத்தில் விடுபட்டுப்போன சில கணக்குகளை முன்வைக்கிறேன்.

முதலில் விரைவு நிலையத்தின் செலவு. மின்னூட்டியின் விலையைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். உண்மையில் நடத்துநரை வதைப்பது உச்சத் தேவைக் கட்டணம். நடுத்தர மின்னழுத்தத்தில் மின்சாரம் பெறும் வணிகப் பயனீட்டாளர், தான் பயன்படுத்திய யூனிட்டுக்கு மட்டுமல்லாமல், அந்த மாதத்தில் ஏதேனும் ஓர் அரைமணி நேரத்தில் எட்டிய மிக உயர்ந்த சராசரித் திறனுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார். 2025 ஜூலைக்கு முன்பிருந்த சி1 கட்டணப் பிரிவில் இது ஒரு கிலோவாட்டுக்கு 30 ரிங்கிட் 30 சென். கட்டண அமைப்பு பிறகு மாறிவிட்டது என்றாலும், தத்துவத்தை விளக்க அந்த எண்ணையே எடுத்துக்கொள்கிறேன். இரு கார்கள் ஒரே நேரத்தில் வந்து, அரைமணியில் ஆளுக்கு 30 யூனிட் ஏற்றிக்கொண்டு போகின்றன என்று வையுங்கள். அந்த மாதத்தின் உச்சம் 120 கிலோவாட் ஆகிவிடும், கட்டணம் 3,636 ரிங்கிட். மாதம் முழுவதும் அத்தகைய 20 கார்கள் மட்டுமே வந்தால், விற்கும் ஒவ்வொரு யூனிட்டின் மேலும் 6 ரிங்கிட் சுமை ஏறுகிறது. நாளொன்றுக்கு 10 கார்கள் வந்தால் அதே சுமை 40 சென்னாகக் குறைந்துவிடும். கூட்டம் இல்லாத நிலையம் ஏன் பழுதாகவே கிடக்கிறது என்று வியப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது, அடுக்குமாடி. ஒரு கார் நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர் ஓடினால் அதற்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 7.5 யூனிட். 40 கார்களுக்கு 300 யூனிட். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையிலான எட்டு மணி நேரத்தில் இதைப் பங்கிட்டால் 38 கிலோவாட் போதும். இழப்புக்கும் எதிர்பாராத தேவைக்கும் இடம் விட்டு 60 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது பேரங்காடியில் ஒரே ஒரு விரைவு மின்னூட்டிக்கு ஒதுக்கும் திறனில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டு 40 குடும்பங்களின் அன்றாடத் தேவையைத் தீர்த்துவிடலாம். மின்னூட்டிகள் தமக்குள் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இதற்கு வேண்டும். அது இன்று சாதாரணமாகக் கிடைக்கும் தொழில்நுட்பம்தான்.

ஜூரு நண்பருக்கும் ஒன்று சொல்லவேண்டும். அவர் குறிப்பிட்ட சிறு கார் சுமார் 70 கிலோவாட்டுக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது. எந்தக் காராக இருந்தாலும் 80 விழுக்காட்டைத் தாண்டியதும் மின்கலமே வேகத்தைக் குறைத்துவிடும். 180 கிலோவாட் மின்னூட்டியில் இரு கார்கள் செருகப்பட்டால் பல மாதிரிகளில் ஆளுக்கு 90 தான் கிடைக்கிறது. ஆகவே நெடுஞ்சாலையிலும் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெரிய எண்ணை விட, ஒரே இடத்தில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதே வரிசையின் நீளத்தைத் தீர்மானிக்கும். 180 கிலோவாட்டில் ஒன்று வைக்கும் இடத்தில் 60 கிலோவாட்டில் மூன்று வைத்தால், பெருநாள் காலத்தில் சிறு கார்க்காரர்கள் வாழ்த்துவார்கள்.

பத்துமலைச் சாரதி, கோலாலம்பூர்

ஐயா பொறியாளரே, உங்கள் 40 கார் கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் அந்த 40 கார்களுக்கும் ஆளுக்கொரு நிலையான நிறுத்துமிடம் இருக்கிறது என்று நீங்களாகவே வைத்துக்கொண்டீர்கள். நான் இருக்கும் மலிவுவிலை அடுக்குமாடியில் முந்தி வந்தவருக்கே இடம். இரவு தாமதமாக வீடு திரும்பினால் இரட்டை வரிசையில் நிறுத்திவிட்டு, கைநிறுத்தியை எடுத்துவிட்டு, கண்ணாடியில் தொலைபேசி எண்ணை வைத்துவிட்டுப் போகவேண்டும். மின்சாரக் காரில் அதுவும் எளிதாக முடிவதில்லை, பலவற்றில் நிறுத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும். அங்கே எந்தச் சுவரில் உங்கள் 7 கிலோவாட் பெட்டியைத் தொங்கவிடுவது?

நான் இ-ஹெய்லிங் (செயலிவழி வாடகைக் கார்) ஓட்டுகிறேன். எனக்கு ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர் எந்த மூலைக்கு? மதிய நேரத்தில் அழைப்புகள் குறையும்போது அரைமணியில் ஏற்றிக்கொண்டு மறுபடி கிளம்பவேண்டும். காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் என் வருமானத்திலிருந்து போகிறது. எனக்கு வேண்டியது செந்தூல், கெப்போங், செராஸ் போன்ற இடங்களில், நாள் முழுவதும் திறந்திருக்கும், மேற்கூரையும் கழிவறையும் உள்ள விரைவு நிலையங்கள். இப்போது இருப்பவற்றில் கணிசமானவை விலையுயர்ந்த பேரங்காடிகளின் அடித்தளத்தில் இருக்கின்றன. மின்னூட்டக் கட்டணத்தோடு நிறுத்துமிடக் கட்டணமும் கட்டவேண்டும். மூன்றாம் அடித்தளத்தில் தொலைபேசிக்கு அலைவரிசை கிடைக்காது; செயலி இல்லாமல் மின்னூட்டி தொடங்காது. கைத்தொலைபேசியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சரிவுப்பாதையில் ஏறி, "தொடங்கு" என்பதை அழுத்திவிட்டு, வேலை செய்கிறதா என்று பார்க்க மறுபடி இறங்கி ஓடும் ஓட்டுநர்களை அங்கே அடிக்கடி பார்க்கலாம்.

ஆகவே செந்தூல் அக்காவின் அடுக்குமாடித் திட்டத்தால் எனக்குப் பயனில்லை, ஜூரு அண்ணனின் நெடுஞ்சாலைத் திட்டத்தாலும் பெரிதாகப் பயனில்லை. நகருக்குள் விரைவு மின்னூட்டி பெருகட்டும் என்பதே என் கட்சி.

பட்டர்வொர்த் கணக்கர், பினாங்கு

எல்லாரும் அரசு எதைத் தரவேண்டும் என்று பேசுகிறீர்கள். ஏன் தரவேண்டும் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

பயணச் செலவைப் பாருங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு நடுத்தர மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 17 யூனிட் எடுக்கும். பொது விரைவு நிலையத்தில் யூனிட் 1 ரிங்கிட் 50 சென் என்று வைத்தால் 25 ரிங்கிட் 50 சென். அதே தூரத்துக்கு 7 லிட்டர் குடிக்கும் பெட்ரோல் கார், 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு நடைமுறைக்கு வந்த 1 ரிங்கிட் 99 சென் விலையில் 14 ரிங்கிட்டுக்குள் போய்விடும். உதவித்தொகை இல்லாத அப்போதைய 2 ரிங்கிட் 60 சென் விலையில் போட்டாலும் 18 ரிங்கிட் 20 சென்தான். பெட்ரோல் விலையை ஒரு கையால் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் விரைவு மின்னூட்ட வலையமைப்புக்கு ஊக்கம் தருவது என்ன கொள்கை? பொதுநிலையத்தை மட்டும் நம்பியிருப்பவருக்கு மின்சாரக் கார் செலவைக் கூட்டுகிறது. அவர் வாங்கமாட்டார். வாங்காதபோது பொறியாளர் சொன்ன அந்த 20 கார் நிலையங்களே மிஞ்சும்.

மேலும், 2025 இறுதிவரை முழுமையாக இறக்குமதியான மின்சாரக் கார்களுக்கு இறக்குமதி வரியும் கலால் வரியும் இல்லை, சாலை வரியும் இல்லை. அதே வேளையில் 100,000 ரிங்கிட்டுக்குக் குறைந்த விலையில் அவற்றை விற்கவும் அனுமதி இருக்கவில்லை. உள்நாட்டு நிறுவனங்களைக் காப்பதற்கான விதி அது என்பது புரிகிறது. ஆனால் அதன் விளைவாகச் சலுகையின் பெரும்பங்கு வசதியுள்ளவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. பேருந்துக்காகக் கொளுத்தும் வெயிலில் காத்திருப்பவரின் வரிப்பணத்தில் அவர்களுக்கு மின்னூட்டியும் வைத்துத் தரவேண்டும் என்பதை என்னால் ஏற்க இயலாது.

பணம் செலவழிக்காமலேயே அரசு செய்யக்கூடியது உண்டு. 2023இல் டெஸ்லாவை இங்கு நேரடியாக விற்க அனுமதித்தபோது, 180 கிலோவாட்டுக்குக் குறையாத விரைவு மின்னூட்டிகள் 50ஐ நிறுவவேண்டும், அவற்றில் 30 விழுக்காடாவது மற்ற நிறுவனக் கார்களுக்கும் திறந்திருக்கவேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. அனுமதியைக் கொடுத்து வசதியைப் பெற்றுக்கொள்ளும் அந்த வழியே போதும்.

செந்தூல்வாசி, கோலாலம்பூர்

கணக்கர் ஐயா, நீங்கள் போட்ட கணக்கில் ஒரு வரியைச் சேர்க்காமல் விட்டுவிட்டீர்கள். அந்த 17 யூனிட்டை வீட்டில் ஏற்றினால் என்ன ஆகும்? இன்றைய வீட்டுக் கட்டணம் ஏறத்தாழ 45 சென் என்று கொண்டால், 8 ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். மானியப் பெட்ரோலை விடவும் அது மலிவு. நேரவாரிக் கட்டணத்துக்கு மாறியவர்களுக்கு வார நாள்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை தவிர மற்ற நேரமெல்லாம் சலுகை நேரம் என்பதால் இன்னும் குறையும்.

இப்போது இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். பங்சாரில் தரைவீடு வைத்திருப்பவர் 100 கிலோமீட்டரை 8 ரிங்கிட்டுக்கு ஓட்டுகிறார். செந்தூலில் அடுக்குமாடியில் இருப்பவர் அதே தூரத்துக்கு 25 ரிங்கிட் கொடுக்கிறார். வருமானம் குறைந்தவரே மும்மடங்கு கட்டவேண்டியிருக்கிறது. விரைவு மின்னூட்டிகளை எவ்வளவு பெருக்கினாலும் இந்த இடைவெளி குறையாது, ஏனெனில் விரைவின் விலையே அதுதான் என்று பொறியாளர் விளக்கிவிட்டார். நீங்கள் சொல்லும் வரிநீதியைப் பற்றி எனக்கும் அக்கறை உண்டு. அந்த நீதியைத் தேடித்தான் நான் அடித்தள நிறுத்துமிடத்துக்குப் போகச் சொல்கிறேன். "வசதியுள்ளவர்களின் கார்" என்ற வாதமும் இனி அதிக நாள் நிற்காது. 60,000 ரிங்கிட்டுக்கு உள்நாட்டுக் கார் வந்த பிறகு அதை வாங்கப்போவது யார், அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சிங்கப்பூர் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. 2030க்குள் 60,000 மின்னூட்டிகள் என்று அவர்கள் வைத்த இலக்கில் பெரும்பகுதி பொதுக் கார் நிறுத்துமிடங்களுக்கு ஒதுக்கப்பட்டது. வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) குடியிருப்புகளின் கீழே இரவெல்லாம் மெதுவாக ஏற்றும் 7.4 கிலோவாட் வகைகளே அங்கு அதிகம். 2024இல் அங்கு பதிவான புதிய கார்களில் மூன்றில் ஒன்று மின்சாரக் கார்.

சாரதி தம்பிக்கு ஒன்று. உங்கள் குடியிருப்பில் நிலையான இடம் இல்லை என்பது உண்மைச் சிக்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் மாநகராட்சியின் திறந்தவெளி நிறுத்துமிடங்கள் இரவில் பாதி காலியாகத்தான் கிடக்கின்றன.

ஜூரு வழிப்போக்கர், பினாங்கு

சிங்கப்பூரை மேற்கோள் காட்டினால் அதன் நிலப்பரப்பையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் சுமார் 50 கிலோமீட்டர் உள்ள தீவில் நெடுந்தூரப் பயணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர்கள் நெடுந்தூரம் ஓட்ட வேண்டுமென்றால் நம் நெடுஞ்சாலைக்குத்தான் வருகிறார்கள். விடுமுறைக் காலத்தில் ஆயர் கெரோ ஓய்வுத்தளத்தில் வரிசையில் நிற்கும் கார்களின் எண் தகடுகளைப் பார்த்தாலே தெரியும்.

எனக்கு இன்னொரு வருத்தம். இந்த இழையில் எல்லாரும் எத்தனை மின்னூட்டிகள் என்றே பேசுகிறோம், அவற்றில் எத்தனை வேலை செய்கின்றன என்று கேட்பதில்லை. பேராக்கில் ஓர் ஓய்வுத்தளத்தில் நான் நிறுத்தியபோது, செயலி "கிடைக்கிறது" என்று காட்டிய மின்னூட்டியின் திரை வெயிலில் வெளுத்துப்போய் எழுத்தே தெரியவில்லை. மேற்கூரை கிடையாது, மழை பிடித்துக்கொண்டது. கனத்த கம்பியை இழுத்துச் செருகினால் இரண்டு நிமிடம் ஓடிப் பிழை காட்டி நின்றுவிடும், மறுபடி செருகினால் மறுபடி அதே கதை. நடத்துநரின் உதவி எண்ணில் பேசிய பெண் மிகப் பணிவாக, "அடுத்த நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள், சார்" என்றார். 12 விழுக்காட்டில் அடுத்த நிலையத்துக்குப் போவது எப்படிப்பட்ட அனுபவம் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பிரிட்டனில் 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள மின்னூட்டிகள், ஒரு நடத்துநரின் வலையமைப்பு முழுவதற்குமான ஆண்டுச் சராசரியில் 99 விழுக்காடு நேரம் இயங்கவேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் விதிமுறைகள் கட்டாயப்படுத்துகின்றன. செயலி எதுவும் இல்லாமல் வங்கி அட்டையைத் தொட்டுப் பணம் கட்டும் வசதியும் இருக்கவேண்டும். கணக்கர் ஐயா, இதற்கும் அரசுப் பணம் தேவையில்லை. இங்கே எரிசக்தி ஆணையத்தின் உரிமம் பெறாமல் யாரும் பொது மின்னூட்டம் விற்கமுடியாது. அந்த உரிமத்தோடு இந்த இரண்டு நிபந்தனைகளையும் இணைத்தால் போதும். என்னைப் பொறுத்தவரை அடுத்த 1,000 மின்னூட்டிகளை விட அது பெரிய வளர்ச்சி.

பட்டர்வொர்த் கணக்கர், பினாங்கு

உரிம நிபந்தனைக்கு நான் முழு ஆதரவு. ஆனால் 99 விழுக்காடு என்று எழுதிவிட்டு, கூட்டம் குறைந்த நிலையங்களை நடத்துநர்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கினால் என்ன செய்வீர்கள்? குவா மூசாங், கிரிக் போன்ற ஒதுக்குப்புற ஊர்களில் நிலையங்களைத் திறந்து வைத்திருக்க யார் பணம் தருவது? அங்கேதான் உதவித்தொகைப் பேச்சு மறுபடி வந்து நிற்கும். செந்தூல் அம்மாவின் 8 ரிங்கிட், 25 ரிங்கிட் ஒப்பீட்டை நான் மறுக்கவில்லை. அடுக்குமாடியில் மின்னூட்டி வைக்கத் தடையாக இருப்பது பணமா என்பதே என் ஐயம். எனக்குத் தெரிந்தவரை தடை நிர்வாகக் குழுவிடம்தான் இருக்கிறது.

பத்துமலைச் சாரதி, கோலாலம்பூர்

இரவில் காலியாகக் கிடக்கும் மாநகராட்சி நிறுத்துமிடத்தில் வைக்கலாம் என்று அக்கா சொல்வது நல்லது, ஆனால் அங்கேயும் 7 கிலோவாட் வேண்டாம். இரவெல்லாம் காரை அங்கே விட்டுவிட்டு நான் வீட்டுக்கு எப்படி நடப்பது? 22 கிலோவாட் வைத்தாலும் என் கார் அதில் பாதியைக்கூட ஏற்காது. 60 கிலோவாட் டிசி இரண்டு வையுங்கள். மின்னேறி முடிந்த பிறகும் காரை எடுக்காதவருக்கு நிமிடக் கணக்கில் தண்டம் போடுங்கள். எங்கள் ஓட்டுநர்களே வரிசையை ஒழுங்காகப் பார்த்துக்கொள்வார்கள்.

பாயான் பொறியாளர், பினாங்கு

கணக்கர் தொட்ட இடம் சரியானது என்பதால் அதையே விரிக்கிறேன். 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி, பொதுச்சொத்தில் எதை நிறுவுவதற்கும் கூட்டு நிர்வாக அமைப்பின் அல்லது நிர்வாகக் கழகத்தின் இசைவு வேண்டும். அவர்கள் வழக்கமாகச் சொல்லும் மறுப்புகள் மூன்று.

"பளு தாங்காது" என்பது முதலாவது. 7 கிலோவாட் என்பது இரண்டு குளியலறைச் சுடுநீர்க் கருவிகளை ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம். அதை எதிர்த்து எந்தக் குழுவும் தீர்மானம் போட்டதில்லை. ஆனால் நூறு வீடுகள் தனித்தனியாக இழுத்தால் பளு உண்மையாகவே தாங்காது, ஆகவே பகிர்வு ஏற்பாடு இல்லாமல் ஆளுக்கொரு கம்பி இழுக்கும் முறையை நானே எதிர்ப்பேன்.

தீ அச்சத்தை அப்படி ஒதுக்கித் தள்ளமுடியாது. அடித்தளத்தில் எரியும் மின்கலத்தை அணைக்க நீண்ட நேரமும் மிகுந்த நீரும் வேண்டும், தீயணைப்பு வண்டி அங்கே இறங்கவும் முடியாது. தரைத்தளத்திலோ, காற்றோட்டமுள்ள விளிம்பிலோ, வெளியேறும் பாதையிலிருந்து விலகிய இடத்திலோ நிறுத்துமிடங்களை ஒதுக்கி, அருகிலேயே அவசரத் துண்டிப்பு விசையை வைப்பது சரியான பதில். ஆபத்தே இல்லை என்று கூட்டத்தில் வாதாடுபவர் அந்தத் தீர்மானத்தைத் தோற்கடிக்கவே உதவுகிறார்.

மூன்றாவது, "யார் பணம்?" என்பது. பெரும்பாலான தீர்மானங்கள் இங்கேதான் செத்துப்போகின்றன.

செந்தூல்வாசி, கோலாலம்பூர்

அந்த மூன்றாவதைத்தான் நானும் கேட்க நினைத்தேன். எங்கள் குடியிருப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதை முன்வைக்கப்போகிறேன். மின்சாரக் கார் இல்லாத உரிமையாளர்கள்தான் பெரும்பான்மை. பராமரிப்புக் கட்டணம் ஒரு சென்கூட ஏறாது என்று எழுத்தில் காட்டமுடியுமா?

பாயான் பொறியாளர், பினாங்கு

முடியும், சில ஏற்பாடுகளோடு. மின்னூட்டிகளுக்கென்று மின்விநியோக நிறுவனமான தெனாகா நேஷனலிடம் தனி மீட்டர் விண்ணப்பியுங்கள். பொது விளக்கு, மின்தூக்கி மீட்டரிலிருந்து ஒரு யூனிட்டும் எடுக்கக்கூடாது. உரிமம் பெற்ற நடத்துநரே முதல் போட்டு நிறுவட்டும். குடியிருப்பு இடத்தை மட்டும் தந்து, விற்பனையில் ஒரு பங்கை வாடகையாகப் பெற்றுக்கொள்ளட்டும். நிறுத்துமிடங்களைச் சுழற்சியில் பயன்படுத்தும் விதியைக் கூடுதல் துணைவிதியாகக் கொண்டுவர வேண்டும், அதற்குச் சிறப்புத் தீர்மானம் தேவைப்படும் என்பதால் அறிவிப்புக் காலத்தை முன்கூட்டியே கணக்கிடுங்கள். வீட்டுக் கட்டணத்தின் அளவுக்கு விலை குறையாது. ஆனால் விரைவு நிலையத்தில் கொடுப்பதை விடத் தெளிவாகக் குறைவாக இருக்கவேண்டும், யூனிட் விலையின் உச்சவரம்பை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

பட்டர்வொர்த் கணக்கர், பினாங்கு

ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டுக்கு மேல் போகக்கூடாது. தனியுரிமைப் பிரிவு எதுவும் இருந்தால் அதை அடித்துவிடுங்கள், இல்லையென்றால் பிற்பாடு இரண்டாவது நடத்துநரை உள்ளே விடமுடியாது. நடத்துநர் திவாலானால் கம்பியும் பெட்டியும் யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுதி வாங்குங்கள். வரைவு தயாரானதும் இங்கே ஒட்டுங்கள், எண்களை நான் பார்த்துத் தருகிறேன். நெடுஞ்சாலை உதவித்தொகை பற்றிய என் எதிர்ப்பு அப்படியேதான் இருக்கிறது, ஜூரு நண்பர் வேறு நினைத்துவிட வேண்டாம்.